7. இராமேஸ்வரத்தில் மழை பிடித்துக்கொண்டால்

ஆலங்குளம், வெம்பக்கோட்டை, சிவகாசிப் பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்தாற்போல நாலு நாள் ஊர் சுற்ற வாய்ப்பது தீபாவளி முடிந்த கையோடுதான். பட்டாசு ஆலைகளைப் பூட்டிவிட்டு, மறுபடி பூஜை போட்டுத் திறக்கும் வரை சில வாரங்கள் ஓய்வு. கையில் போனஸ் காசு இருக்கும், பிள்ளைகள் கடலைப் பார்க்கத் துடிப்பார்கள். நமக்குக் கிட்டத்தில் உள்ள தீவு இராமேஸ்வரம். அருப்புக்கோட்டை, இராமநாதபுரம் வழியாகப் போய்ப் பாம்பன் பாலத்தைத் தாண்டினால் தீவுக்குள் இருப்போம்.

ஒரே சிக்கல், வடகிழக்குப் பருவமழையும் அதே வாரங்களில்தான் அங்கே இறங்கும். அந்தத் தீவுக்கு ஆண்டு மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் கிடைக்கிறது. 2024 நவம்பர் 20 அன்று இராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அந்த அளவு அபூர்வம். ஆனால் மூன்று நாள் தங்கினால் ஒரு நாளாவது மழை பிடிக்கும் என்று வைத்துக்கொண்டே கிளம்புங்கள்.

நம் ஊரில் மேகம் கூடினாலே காயப்போட்ட சரக்கை வாரிக்கொண்டு ஓடுவோம். மழை என்றால் வேலை நின்றது என்றுதான் பழகியிருக்கிறோம். தீவுக்குப் போயும் அதே பழக்கத்தில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு போனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பும் குடும்பங்கள் நிறைய. அப்படிப் போனால் இரண்டு நாள் வாடகையும் பிள்ளைகளின் ஆசையும் வீண். மழை நாளுக்கென்று தனியாக ஒரு திட்டம் இருந்தால் போதும்.

கிளம்பும் முன்

1. அறையை முதல் மாடியில் கேளுங்கள். தீவில் தாழ்வான தெருக்கள் உண்டு, கனமழையில் அங்கே தண்ணீர் நிற்கும். ஒரு முறை நாங்கள் தரைத்தளத்தில் தங்கினோம். விடிகாலையில் காலைக் கீழே வைத்தால் கணுக்கால் வரை தண்ணீர். கட்டிலுக்கடியில் தள்ளி வைத்திருந்த பெட்டியில் ஒரு துணி கூடத் தேறவில்லை. அன்றிலிருந்து பெட்டியை மேசை மேல்தான் வைக்கிறேன்.

2. ஆளுக்கு இரண்டு உடை கூடுதலாக எடுங்கள். ஜீன்ஸ் வேண்டாம், இரண்டு நாளானாலும் காயாது. மெல்லிய பருத்தி வேட்டி, சுடிதார், அரைக்கால் சட்டை போதும். கொடி கட்ட ஐந்து மீட்டர் நைலான் கயிறும் பத்து கிளிப்பும் போடுங்கள்.

3. டார்ச் லைட் இரண்டு. மின்சாரம் போனால் மெழுகுவத்தி ஏற்றாதீர்கள், பிள்ளைகள் படுத்திருக்கும் சின்ன அறைக்கு அது ஆகாது.

4. விளையாட்டுக்கென்று ஒரு பை: பத்துப் பதினைந்து புளியங்கொட்டை, சாக்பீஸ், அளவுகோல், கத்தரிக்கோல், நோட்டு, பென்சில், ஒரு எலுமிச்சம்பழம். எல்லாமே வீட்டில் இருப்பவைதான்.

5. சாத்தூர் சேவை இறுக மூடும் டப்பாவில் கொட்டிக்கொள்ளுங்கள். கடல் காற்றில் பொட்டலம் பிரித்த அரை மணியில் நமுத்துவிடும். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா வாங்கினால் முதல் நாளே தின்று தீர்த்துவிடுவது நல்லது.

எச்சரிக்கை: மிஞ்சிப்போன பட்டாசைப் பையில் வைக்காதீர்கள். 'கடற்கரையில் பிள்ளைகள் கொளுத்தட்டும்' என்று கம்பி மத்தாப்புப் பெட்டியைச் செருகி விடுவது நம் பக்கத்துப் பழக்கம். ரயிலில் பட்டாசு கொண்டுபோவது ரயில்வே சட்டப்படி குற்றம், சிறைத் தண்டனை வரை உண்டு. பேருந்திலும் ஏற்ற மாட்டார்கள். மருந்தின் குணம் மற்றவர்களைவிட நமக்கு நன்றாகவே தெரியும். நெரிசலான பெட்டியில் அது என்ன செய்யும் என்று யாரும் நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

விடிந்ததும் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

காலை ஆறு மணிக்கு, பிள்ளைகள் எழும் முன், பெரியவர் ஒருவர் இதை முடித்துவிட வேண்டும்.

முதலாவது, வானிலை ஆய்வு மையம் இராமநாதபுரம் மாவட்டத்துக்கு என்ன நிறம் கொடுத்திருக்கிறது? மஞ்சள் என்றால் கவனத்தோடு வெளியே போகலாம். ஆரஞ்சு என்றால் ஊருக்குள் மட்டும். சிவப்பு என்றால் அறையை விட்டு நகரக் கூடாது.

இரண்டாவது, பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருக்கிறதா, எத்தனையாம் எண்? 1, 2 என்றால் புயல் சின்னம் தொலைவில் இருக்கிறது. 3, 4 என்றால் துறைமுகத்துக்கே மோசமான வானிலை வரக்கூடும், கடலோரப் பயணம் எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். 5 முதல் எல்லாமே அபாயம். அதிகாரிகள் சொல்கிறபடி மட்டும் நடங்கள்.

மூன்றாவது, காற்று எந்தப் பக்கம்? இதை டீக்கடையில் நிற்கும் மீனவர்களிடம் கேளுங்கள். தீவுக்கு வடக்கே உள்ள பாக் விரிகுடாவைப் பெண்கடல் என்பார்கள், தெற்கே மன்னார் வளைகுடா ஆண்கடல். ஆண்டின் பெரும்பகுதி பெண்கடல் சாதுவாகக் கிடக்கும். மழைக்காலத்தில் வாடைக்காற்று ஏறும்போது அதுதான் சீறும். போன கோடை விடுமுறையில் குளம் மாதிரி இருந்ததே என்று நினைத்துக்கொண்டு மழைக்காலத்தில் வடக்குக் கரையில் பிள்ளையை இறக்குவது பலர் செய்யும் தவறு. ஒரு பெரியவர் என்னிடம், "வாடை நிக்கிதுண்ணே, இன்னைக்குப் பிள்ளையள கரையிலயே வச்சிக்கங்க" என்றார். அதற்கு மேல் ஒரு விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை.

ஒரு நாளுக்கு ஒரே ஒரு வெளி வேலை

வெயில் நாளில் நாலு இடம் பார்க்கலாம். மழை நாளில் ஒன்றுதான். இதில் நான் கண்டிப்பாக இருப்பேன். இரண்டாவது இடத்துக்குக் கிளம்பும்போதுதான் மாற்றுத் துணி தீரும், சின்னவன் தும்மத் தொடங்குவான், ஆட்டோ கிடைக்காது. காலையில் ஒரு வெளி வேலை, மதியம் சாப்பாடும் தூக்கமும், மாலையில் அறை விளையாட்டு. இந்த வரிசை எங்களுக்கு ஒரு முறையும் பிசகியதில்லை.

வெளி வேலை 1: கோயில்

மழை நாளுக்கென்றே கட்டியது போன்ற இடம் இராமநாதசுவாமி கோயில். 1212 தூண்கள் கொண்ட மூன்றாம் பிரகாரத்தில் வெளியே எவ்வளவு பெய்தாலும் நனையாமல் நடக்கலாம். மழை ஓசை உள்ளே அடங்கிக் கேட்கும். ஒரு மூலையில் நின்று தூண் வரிசையைப் பார்த்தால் கடைசித் தூண் விரல் அளவுக்குச் சிறுத்துவிடும். பிள்ளைகளை அந்த மூலையில் ஐந்து நிமிடம் பேசாமல் நிற்க வையுங்கள், மற்றது எல்லாம் பிறகு.

கோயிலுக்குள் உள்ள 22 தீர்த்தக் கிணறுகளிலும் தீர்த்தம் ஆடுவதாக இருந்தால் இந்த வரிசையில் செய்யுங்கள்:

1. போனை அறையிலேயே வைத்துவிடுங்கள். கோயிலுக்குள் போன் கொண்டுபோகத் தடை. போன் இல்லாததால், பிரிந்துவிட்டால் எங்கே வந்து நிற்க வேண்டும் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். தங்கியிருக்கும் லாட்ஜின் எண்ணைத் தாளில் எழுதி, ஜிப் வைத்த சின்னக் கவரில் போட்டு, பிள்ளையின் சட்டைப் பையில் வையுங்கள்.

2. அக்னி தீர்த்தக் கடலில் அலை எழும்பினால் பிள்ளைகளை இறக்காதீர்கள். பெரியவர் கரையில் நின்று தண்ணீரை அள்ளித் தலையில் தெளித்துவிட்டாலே போதும்.

3. மாற்றுத் துணிப் பையை ஒருவர் வைத்துக்கொண்டு நனையாத இடத்தில் உட்கார்ந்திருக்கட்டும். தாத்தாவோ பாட்டியோ இதற்குச் சரியான ஆள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டே கிணறு கிணறாகப் போவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. ஏழாவது வாளியில் பையும் தீர்த்தம் ஆடியிருக்கும்.

4. ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு 22 வாளி வேண்டாம். மழைக் குளிரில் நடுங்கிப்போகும். உள்ளங்கையில் வாங்கித் தெளியுங்கள்.

5. கருங்கல் தளம் ஈரத்தில் வழுக்கும். ஓடக் கூடாது, கையைப் பிடித்துக்கொண்டே நடக்க வேண்டும். சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். தண்ணீர் இறைத்து ஊற்றுகிறவர் கிணற்று மேட்டில் நிற்பார். அவரை நெருக்காமல் உங்கள் முறை வரும் வரை தள்ளி நில்லுங்கள்.

6. ஈரத்தோடு சந்நிதிக்குப் போக முடியாது. தலையை நன்றாகத் துவட்டி, உடை மாற்றிய பிறகு தரிசனம்.

பிற்பகல் 1 மணியிலிருந்து 3 மணி வரை நடை சாத்தியிருப்பார்கள். தீர்த்தம் ஆடுவதென்றால் காலை எட்டு மணிக்குள் தொடங்கிவிடுங்கள்.

தீர்த்தம் வேண்டாம் என்பவர்கள் பிரகாரத்தைப் பிள்ளைகளைக் கொண்டே அளக்கலாம். அறையில் அளவுகோலை வைத்து ஒரு நடையின் நீளத்தை அளந்து மனசில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிரகாரத்தின் ஒரு பக்கத்தை நடையால் எண்ணிப் பெருக்கினால் நீளம் வந்துவிடும். அண்ணனுக்கும் தங்கைக்கும் விடை வேறாக வரும். யார் கணக்கு சரி என்று அறைக்குத் திரும்பும் வரை பேச்சு ஓடும். சேவிக்க வந்தவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் ஓரமாக நடக்கச் சொல்லிவிடுங்கள்.

வெளி வேலை 2: கலாம் வீடு, நினைவகம்

மசூதித் தெருவில் அப்துல் கலாம் வாழ்ந்த வீடு இருக்கிறது. பேய்க்கரும்பில் 2017 ஜூலை 27 அன்று திறந்த தேசிய நினைவகம் இருக்கிறது. இரண்டும் கூரைக்கு அடியில் பார்ப்பவை. ஒரே நாளில் இரண்டையும் பார்க்க ஆசைப்படாதீர்கள். நடக்கத் தெம்பு இல்லாத முதியவர்கள் உடன் இருந்தால் வீடு. ராக்கெட் மாதிரிகளையும் படங்களையும் பார்க்கத் துடிக்கும் பிள்ளைகள் என்றால் நினைவகம். அன்று திறந்திருக்கிறதா என்று லாட்ஜில் கேட்டுவிட்டே புறப்படுங்கள், ஆட்டோவில் ஏறும் முன் போகவர வாடகை பேசிவிடுங்கள்.

பார்க்கும்போது பிள்ளைகளுக்கு இந்த ஒன்றைச் சொல்லுங்கள். இரண்டாம் உலகப் போர் தொடங்கியபோது கலாமுக்கு எட்டாவது வயது நடந்துகொண்டிருந்தது. திடீரென்று புளியங்கொட்டைக்குக் கிராக்கி வந்தது. அவர் அதைப் பொறுக்கி மசூதித் தெருக் கடையில் விற்றார், ஒரு நாள் பொறுக்கினால் ஓரணா கிடைத்ததாம். பையில் இருக்கும் புளியங்கொட்டைக்கு அன்று மாலை மதிப்பே வேறாக இருக்கும்.

அறைக்குள் 1: மழையை அளப்பது

எல்லா விளையாட்டிலும் எனக்குப் பிடித்தது இது. மழை குறைந்த கரிசல் மண்ணில் வளரும் நம் பிள்ளைகள் மழையை இவ்வளவு அருகில் உட்கார்ந்து பார்ப்பது அபூர்வம்.

1. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை எடுத்து, கழுத்துக்குக் கீழே உடல் நேராகத் தொடங்கும் இடத்தில் குறுக்காக வெட்டுங்கள். வெட்டுவது பெரியவர் வேலை.

2. மேல் துண்டைக் கவிழ்த்து, புனல் மாதிரி அடித்துண்டுக்குள் செருகுங்கள். விளிம்பு கையைக் கிழிக்காமல் இருக்கச் சுற்றி டேப் ஒட்டுங்கள்.

3. பாட்டிலின் அடி மேடு பள்ளமாக இருக்கும். அங்கிருந்து அளந்தால் கணக்கு தப்பும். உடல் நேராகும் இடம் வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தில் பேனாவால் கோடு போடுங்கள். அதுதான் பூஜ்ஜியம்.

4. அந்தக் கோட்டுக்கு மேலே அளவுகோலை வைத்து மில்லிமீட்டர் குறியுங்கள்.

5. மொட்டைமாடியில் நடுவாக, நாலு செங்கல் முட்டுக் கொடுத்து வையுங்கள். மாடியில் வைக்க லாட்ஜில் அனுமதி கேளுங்கள். இடி இடிக்கும்போது மாடிக்குப் போகவே கூடாது.

6. வானிலைத் துறை காலை 8.30 மணியிலிருந்து மறுநாள் 8.30 மணி வரை பெய்ததை ஒரு நாள் மழை என்று கணக்கிடுகிறது. நீங்களும் அதே நேரத்தில் பாருங்கள்.

மறுநாள் இராமேஸ்வரத்துக்கு அறிவிக்கும் அளவோடு ஒப்பிட்டால் சுவையாக இருக்கும். 64.5 மி.மீ. தொட்டால் கனமழை, 115.6 தொட்டால் மிகக் கனமழை, 204.5 தொட்டால் அதி கனமழை. 2024இல் பெய்த 40 செ.மீ. எவ்வளவு உயரம் என்று அறைச் சுவரில் அளவுகோலை வைத்துக் காட்டுங்கள். கட்டில் உயரம் வரும். பிள்ளைகள் அசந்துபோவார்கள்.

தவறு: வாய் அகன்று அடி குறுகிய டம்ளரில் பிடிப்பது. அளவு கூடக் காட்டும். மரத்தடியிலும் தகரக் கூரை ஓரத்திலும் வைப்பதும் தவறுதான்.

அறைக்குள் 2: புளியங்கொட்டைத் தாயம்

நாலு கொட்டையை எடுத்து, ஒரு பக்கத்தை மட்டும் சொரசொரப்பான தரையில் தேய்த்து வெள்ளையாக்குங்கள். தேய்க்கத் தேய்க்கச் சூடேறும். அதைப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கையில் வைத்துச் சூடு போடுவது எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்த குறும்பு, கண் வைத்திருங்கள். தரையில் சாக்பீஸால் ஐந்துக்கு ஐந்து கட்டம் போட்டு, நாலு பக்க நடுக் கட்டத்திலும் மையத்திலும் குறுக்குக் கோடு இழுத்தால் மனை தயார். காய்க்குக் கரையில் பொறுக்கிய சிப்பி. ஒரு வெள்ளை விழுந்தால் தாயம், இரண்டு, மூன்று, நாலு வெள்ளைக்கு அந்தந்த எண்ணிக்கை, நாலும் கறுப்பானால் எட்டு. எதற்கெல்லாம் மறு ஆட்டம், வெட்டினால் என்ன என்பது வீட்டுக்கு வீடு மாறும். முதல் காய் இறங்கும் முன்பே பேசி முடிவு செய்துவிடுங்கள். பாதி ஆட்டத்தில் பேசினால் சண்டைதான்.

மூன்று வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் கொட்டையும் சிப்பியும் அதன் கைக்கு எட்டக் கூடாது. வாயில் போட்டுக்கொள்ளும்.

அறைக்குள் 3: சிப்பியும் நம் ஊர்ச் சுண்ணாம்புக்கல்லும்

உடைந்த சிப்பித் துண்டு ஒன்றைக் கல்லில் வைத்து நுணுக்கி, ஒரு தட்டில் போட்டு எலுமிச்சைச் சாற்றைப் பிழியுங்கள். சின்னச் சின்னக் குமிழியாக நுரைக்கும். கண்ணை அருகில் கொண்டுபோகாமல் பார்க்கச் சொல்லுங்கள். சிப்பி, பவளப்பாறை, ஆலங்குளம் சிமெண்ட் ஆலைக்குப் போகும் சுண்ணாம்புக்கல் மூன்றும் அடிப்படையில் ஒரே பொருள் என்று அப்போது சொன்னால் மனசில் நிற்கும்.

மன்னார் வளைகுடாவில் ஒரு காலத்தில் பவளப்பாறையைச் சுண்ணாம்புக்காக வெட்டி எடுத்தார்கள். 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்த 21 தீவுகளில் இரண்டு, பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும், இன்று தண்ணீருக்கு அடியில் இருக்கின்றன. அதனால் கடைத்தெருவில் யாராவது பவளத் துண்டோ காய்ந்த கடல் குதிரையோ காட்டினால் வாங்காதீர்கள். இரண்டும் வனவிலங்குச் சட்டப்படி தடை. கரையில் சிப்பி பொறுக்கும்போதும் உள்ளே உயிர் அசைகிறதா என்று பார்த்து, அசைந்தால் விட்டுவிடுங்கள். ஞாபகத்துக்குப் பனை ஓலைப் பெட்டி வாங்குங்கள், நனைந்தாலும் கெடாது.

மழை நாளில் போகக் கூடாத இடங்கள்

தனுஷ்கோடி, அரிச்சல்முனை. மழைக்கு ஒதுங்க இடமில்லாத வெட்டவெளி அது. இருபுறமும் கடல், நடுவே சாலை. இடி விழும் நாளில் அங்கே உயரமாக நிற்பது நீங்கள்தான். இடி விஷயம் நமக்குப் புதிதல்ல, மின்னல் வெட்டினால் ஆலையை விட்டு ஆட்கள் வெளியேறுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 எண்ணுவதற்குள் சத்தம் வந்துவிட்டால் உடனே கட்டடத்துக்குள்ளோ மூடிய வண்டிக்குள்ளோ போங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி கழித்தே வெளியே வாருங்கள்.

1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் அங்கே ஓர் ஊரும் ஒரு ரயிலும் போயின. தனுஷ்கோடியை மறுநாளோ அடுத்த பயணமோ பார்க்கலாம்.

படகுச் சவாரியும் அப்படித்தான். கூண்டு ஏற்றியிருக்கும்போது 'சும்மா கரையோரமாகப் போய்வரலாம்' என்று யார் அழைத்தாலும் ஏறாதீர்கள்.

சாப்பாடு

காற்று நாளில் படகு கடலுக்குப் போகாது, மீன் ஐஸில் கிடந்ததாக இருக்கும். எப்போது வந்தது என்று கேட்டு வாங்குங்கள், சந்தேகம் வந்தால் அன்று சைவம். வெட்டி வைத்த பழம் வேண்டாம், காய்ச்சிய தண்ணீர் மட்டும். அறையில் கேஸ் அடுப்பு பற்ற வைக்காதீர்கள். சுக்குக் காபிக்குக் கருப்பட்டி தீவிலேயே கிடைக்கும்.

திரும்பும் நாள்

1. ஒரு நாள் கையிருப்பு வைத்துத் திட்டமிடுங்கள். பாம்பன் ரயில் பாலத்தில் காற்று மணிக்கு 58 கி.மீ.யைத் தாண்டினால் ரயிலை நிறுத்திவிடுவார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்கும் அந்தக் கட்டுப்பாடு உண்டு.

2. பேருந்திலோ காரிலோ வந்தால் சாலைப் பாலத்தில் மழைக் காற்றில் இறங்கி நின்று படம் எடுக்காதீர்கள். ரயிலில் வந்தால் பிள்ளைகளைச் சன்னலோரம் உட்கார வையுங்கள், கதவருகே வேண்டாம்.

3. ஈரத் துணியைத் தனிக் கவரில் கட்டுங்கள். வீடு சேர்ந்ததும் முதலில் அதை நல்ல தண்ணீரில் அலசுங்கள். உப்பு ஏறிய துணி இரண்டு நாளில் கறுப்புப் புள்ளி விட்டுவிடும்.

4. அவசரத்துக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநில அறை 1070, ஆம்புலன்ஸ் 108. மூன்றையும் போனிலும், பிள்ளைகளின் நோட்டு அட்டையிலும் எழுதிவையுங்கள்.

5. மழை அளந்த பாட்டிலை லாட்ஜில் விட்டுவிடாதீர்கள். வெளுத்த நம் மொட்டைமாடியில் அதை வைத்து, தீவில் பெய்ததற்கும் ஆலங்குளத்தில் பெய்ததற்கும் உள்ள கணக்கைப் பிள்ளைகள் ஐப்பசி, கார்த்திகை முழுக்க எழுதுவார்கள். எங்கள் வீட்டில் அந்த நோட்டு இப்போது மூன்றாவது ஆண்டில் இருக்கிறது.